யூத மதமும் அறிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத சிந்தனை பற்றிப் பேச்சு வரும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவவாதி மெண்டல்சோனை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள். அவருக்குப் பின்னால் வருகிறவர்களில் பாதிப் பேர் அவருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மதமா அறிவா என்றால், கடவுள் உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி?

தமிழில் 'பகுத்தறிவு' என்றதும் கடவுள் மறுப்புதான் முதலில் நினைவுக்கு வரும். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு வரலாறு. யூத சிந்தனைக்குள் நுழையும்போது அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே சண்டை பெரும்பாலும் வேறொரு கேள்வியைச் சுற்றி நடக்கிறது: 'இந்தக் கட்டளையை நான் ஏன் செய்ய வேண்டும்?'

தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், 613 கட்டளைகள் என்பது மரபுக் கணக்கு. கட்டளைக்கு எபிரேயத்தில் மிட்ஸ்வா என்று பெயர். கொலை செய்யாதே என்பது ஒரு மிட்ஸ்வா. கம்பளி நூலும் லினன் நூலும் கலந்த துணியை உடுத்தாதே என்பதும் ஒரு மிட்ஸ்வா. முதலாவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. இரண்டாவதற்கு? 10ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய யூதர்களின் தலைமை அறிஞராக இருந்த சாதியா காவோன், அறிவே சொல்லித் தரும் கட்டளைகள், கடவுளே வெளிப்படுத்தாவிட்டால் தெரிய வந்திருக்காத கட்டளைகள் என்று இரண்டாகப் பிரித்தார். அந்தக் கோட்டை எங்கே போடுவது, போடலாமா கூடாதா என்பதில்தான் ஆயிரம் வருஷமாக வாக்குவாதம்.

சீனாய் மலையடியில் மக்கள் சொன்ன பதில் யாத்திராகமத்தில் இருக்கிறது. எபிரேய மூலத்தில் வரிசை 'செய்வோம், கேட்போம்' என்று வருகிறது. முதலில் செய்வது, அப்புறம்தான் கேட்பது. இதைக் குருட்டுக் கீழ்ப்படிதல் என்று படித்தவர்களும் உண்டு, செய்து பார்த்தால்தான் புரியும் என்ற அறிவுரையாகப் படித்தவர்களும் உண்டு.

வானத்திலிருந்து வந்த குரலையே ரப்பிகள் தள்ளிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

கதை உண்மையில் தல்மூதில், அதாவது ரப்பிகள் எனப்படும் யூத மத அறிஞர்களின் விவாதத் தொகுப்பில், இருக்கிறது. பாவா மெட்சியா என்ற பகுதி, 59ஆம் ஏடு. ஒரு மண் அடுப்பு. துண்டு துண்டாக வெட்டி, இடையில் மணல் போட்டு அடுக்கியது. அது தீட்டுப்படுமா படாதா என்று விவாதம். படாது என்கிறார் ரப்பி எலியேசர். மற்ற எல்லாரும் படும் என்கிறார்கள். அவர் எத்தனையோ வாதங்களை வைத்துப் பார்க்கிறார், எடுபடவில்லை. 'நான் சொல்வது சரியென்றால் இந்த மரம் சொல்லட்டும்' என்கிறார். கரோப் மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரமெல்லாம் சாட்சி ஆகாது என்கிறார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. வாய்க்காலும் சாட்சி ஆகாது. பாடசாலைச் சுவர்கள் சாய்கின்றன. ரப்பி யோசுவா எழுந்து, அறிஞர்கள் சட்டம் பேசும் இடத்தில் உங்களுக்கென்ன வேலை என்று சுவர்களை அதட்டுகிறார். அவருக்கு மரியாதை கொடுத்துச் சுவர்கள் விழவில்லை. எலியேசருக்கு மரியாதை கொடுத்து நிமிரவும் இல்லை. கடைசியில் வானத்திலிருந்து குரல்: எலியேசர் சொல்வதுதான் சட்டம். யோசுவா எழுந்து நின்று உபாகமத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போடுகிறார்: 'அது வானத்தில் இல்லை.' தோரா கொடுத்தாயிற்று, இனிப் பெரும்பான்மை முடிவுதான். பிறகு எலியா தீர்க்கதரிசியிடம், அந்த நேரம் கடவுள் என்ன செய்தார் என்று ஒருவர் விசாரிக்கிறார். சிரித்தார், என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்றார்.

இணையத்தில் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். தல்மூத் நிறுத்துவதில்லை. எலியேசரைச் சமூகத்திலிருந்து தள்ளிவைக்கிறார்கள். செய்தியைச் சொல்லப் போகும் ரப்பி அகிவா கறுப்பு உடுத்திக்கொண்டு, ஆசிரியரிடமிருந்து நாலு முழம் தள்ளி உட்கார்கிறார். எலியேசர் அழுகிறார், பயிர்கள் கருகுகின்றன. அவரைத் தள்ளிவைத்த தலைவர் பின்னால் இறந்துபோகிறார். இந்த ஏடு முழுக்க, வார்த்தையால் ஒருவரைப் புண்படுத்துவதன் குற்றத்தைப் பற்றியது. வாதத்தில் ஜெயித்த பெரும்பான்மை என்ன தப்பு செய்தது என்றும் கதை சொல்லிவிடுகிறது. இந்த இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நவீன காலத்துக்கு முன்பே மைமோனிடிஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது சரியா?

எல்லாவற்றையும் இல்லை, ஆனால் ஏராளம். கோர்டோபாவில் பிறந்து, 1204ல் எகிப்தில் இறந்தவர். மருத்துவர், சட்ட அறிஞர், அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்தவர். தத்துவமும் வேதமும் மோதுவது கண்டு குழம்பி நிற்கும் மாணவனுக்காக, 1190 வாக்கில் எபிரேய எழுத்தில் அரபு மொழியில் 'குழம்பியோருக்கு வழிகாட்டி' எழுதி முடித்தார்.

கட்டளைக்குக் காரணம் சொன்னால் அதன் மகிமை போய்விடும் என்று நினைப்பதை அவர் ஒரு மனநோய் என்றே வைக்கிறார். காரணமில்லாமல் செயல்படுகிறவனைவிடக் காரணத்தோடு செயல்படுகிற மனிதன் உசத்தி என்றால், கடவுளை மனிதனுக்குக் கீழே வைப்பதாகத்தானே ஆகும்? அதனால் வரலாறு தேடிப் போகிறார். கலப்பு நூல் துணி ஏன் கூடாது? அக்காலத்து விக்கிரகப் பூசாரிகள் அப்படி உடுத்தினார்கள். ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்பது? அதுவும் பழைய விழாச் சடங்காக இருந்திருக்கலாம். பலிகள் ஏன்? பலியில்லாத வழிபாட்டை அக்கால மக்களால் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. பழக்கத்தை ஒரேயடியாக அறுக்காமல் திசை திருப்பினார் கடவுள். 12ஆம் நூற்றாண்டில் இப்படி எழுத நெஞ்சழுத்தம் வேண்டும். 1230களில் தென் பிரான்சில் அவர் நூல்கள் எரிக்கப்பட்டன.

இந்தியாவோடு அவருக்கு ஒரு சோகமான தொடர்பு உண்டு. இவர் படிப்பில் மூழ்கியிருக்க, வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவீது. இந்தியாவுக்குச் சரக்கெடுக்கக் கிளம்பியவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப் போனார். செங்கடல் கரையின் அய்தாப் துறைமுகத்திலிருந்து அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதம் கெய்ரோ ஜெபாலயத்துக் காகிதக் குவியலில் கிடைத்தது. அண்ணன் ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கடவுளின் பராமரிப்பு பற்றிய அத்தியாயத்தில் அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று மூழ்கும் கப்பல். தத்துவ நூல்களில் வழக்கமாக வரும் உதாரணம்தான். இருந்தாலும் அந்த வரிக்கு வரும்போது எனக்குத் தம்பிதான் நினைவுக்கு வருவார்.

இந்த அறிவு வழியை அந்தக் காலத்திலேயே யாரும் எதிர்க்கவில்லையா?

யூதா ஹலேவி. கவிஞர். மைமோனிடிசுக்குச் சற்று முந்தியவர். மதம் தேடும் கசார் மன்னனிடம் ஒரு ரப்பி பேசுவதாக அவர் எழுதிய நூலில், மன்னன் கேட்கிறான்: உலகைப் படைத்து நடத்தும் கடவுளை நம்புகிறேன் என்று நீர் ஏன் தொடங்கவில்லை? ரப்பி சொல்லும் பதிலின் சாரம் இது: சீனாயில் கடவுளே அப்படித் தொடங்கவில்லை. 'உன்னை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர்' என்றுதான் தன்னை அறிமுகம் செய்தார். நிரூபித்து அடையும் கடவுளுக்கு உயிரைக் கொடுக்க ஆள் வராது. கூட நடந்து வந்த கடவுளுக்கு வருவார்கள். 20ஆம் நூற்றாண்டில், பின்னால் நாம் சந்திக்கப்போகும் தத்துவவாதி ரோசன்ஸ்வைக் ஹலேவியின் கவிதைகளை ஜெர்மனில் மொழிபெயர்த்தது சும்மா இல்லை.

ஸ்பினோசாவை ஏன் தள்ளிவைத்தார்கள்?

1656 ஜூலை 27, ஆம்ஸ்டர்டாம் போர்ச்சுகீசிய யூத சமூகம். ஸ்பினோசாவுக்கு வயது 23. ஒரு நூலும் வெளியிடவில்லை. தீர்ப்பு போர்ச்சுகீசிய மொழியில் பதிவேட்டில் இருக்கிறது. யாரும் அவரோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, நாலு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கவும் கூடாது. நாலு முழம், எலியேசர் கதையில் பார்த்த அதே கணக்கு. அருவருப்பான மதவிரோதக் கருத்துகள் என்று பொதுவாகச் சொல்கிறார்களே தவிர, எவை என்று பதிவேடு சொல்லவில்லை.

1670ல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட இறையியல்-அரசியல் நூலைப் பார்த்தால் ஊகிக்கலாம். மோசேயின் ஐந்து நூல்களையும் மோசே எழுதியிருக்க முடியாது என்கிறார். தோரா என்பது பண்டை எபிரேய அரசின் சட்டம், அரசு போனதோடு அதன் கட்டாயமும் போயிற்று என்கிறார். வேதம் கற்பிப்பது கீழ்ப்படிதலை, தத்துவம் தேடுவது உண்மையை. இரண்டும் ஒன்றுக்கொன்று வேலைக்காரியாக இருக்க வேண்டாம் என்கிறார்.

அவர் கிறிஸ்தவராக மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மதத்தை விட்டால் இன்னொன்றில் சேர வேண்டிய காலத்தில், எதிலும் சேராமல் கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தவர். தள்ளிவைப்பு இன்றுவரை நீக்கப்படவில்லை. இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் 1950களில் பேசிப் பார்த்தும் நடக்கவில்லை.

மெண்டல்சோன் யார்? ஏன் எல்லாரும் அவரிடமிருந்து தொடங்குகிறார்கள்?

1743ல், 14 வயதில், தெசாவ் ஊரிலிருந்து தன் ஆசிரியரைத் தேடிக்கொண்டு பெர்லினுக்கு வந்த ஏழைப் பையன். கூன் முதுகு, திக்கு வாய். ஜெர்மன், லத்தீன், கணிதம் எல்லாம் பெரும்பாலும் சொந்த முயற்சி. பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதி, பின் நிர்வாகியாகிப் பங்குதாரரும் ஆனார். 1763ல் பிரஷ்ய அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. இரண்டாம் இடத்தில் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். ஆம், அந்தக் காண்ட்தான். அதே வருஷம்தான் அவருக்கு பெர்லினில் தங்கும் உரிமையே உறுதியானது. அதுவும் அவருக்கு மட்டும், பிள்ளைகளுக்குக் கிடையாது.

இவ்வளவு அறிவாளி ஏன் இன்னும் யூதராக இருக்கிறார் என்பது சுற்றியிருந்தவர்களுக்குப் புதிர். 1769ல் லவாட்டர் என்ற சுவிஸ் பாதிரியார் பகிரங்கமாகவே சவால் விட்டார்: கிறிஸ்தவத்தை மறுத்துக் காட்டு, இல்லையென்றால் மதம் மாறு. மெண்டல்சோன் அப்போது நாகரிகமாக நழுவினார். முழுப் பதில் 1783ல் 'ஜெருசலேம்' நூலாக வந்தது.

வாதம் இதுதான். மனிதன் நல்லபடி வாழத் தேவையான உண்மைகளை அறிவாலேயே அடையலாம். அவற்றை ஒரு மூலையில், ஒரே ஒரு இனத்துக்கு மட்டும் கடவுள் சொல்லியிருந்தால் மற்றவர்கள் கதி என்ன? ஐரோப்பியர்கள் சிலரை அனுப்பி வைக்கும்வரை இந்தியர்கள் நல்லொழுக்கமும் மகிழ்ச்சியும் இல்லாமல் காத்திருக்க வேண்டுமா என்றே கேட்கிறார். ஆக, சீனாயில் வந்தது கோட்பாடு இல்லை, சட்டம். 'நம்பு' என்று எந்தக் கட்டளையும் இல்லை, 'செய்', 'செய்யாதே' என்றுதான் இருக்கிறது. அந்தச் சட்டத்தையும் மிரட்டியோ தள்ளிவைத்தோ அமல்படுத்தும் அதிகாரம் எந்த ரப்பிக்கும் கிடையாது. ஸ்பினோசாவின் பதிவேட்டுக்கு 127 வருஷம் கழித்து, சட்டத்தைக் கடைப்பிடித்த ஒரு யூதரே அதைச் சொல்கிறார்.

இந்த நூலில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சடங்குகளை அவர் உயிருள்ள எழுத்து என்கிறார். சிலையும் படமும் நிலைத்து நிற்பதால் மனிதன் அதையே கும்பிடத் தொடங்கிவிடுவான். செயல் செய்த கையோடு மறைந்துவிடும், அதை விக்கிரகம் ஆக்க முடியாது. அதே மூச்சில், இந்தியர்களின் ஆமை, பாம்பு, பன்றி உருவங்களைப் பற்றிப் பயணிகள் எழுதியதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு விக்கிரக ஆராதனை என்று முத்திரை குத்தாதீர்கள், அந்த மண்ணில் வளராதவனுக்கு அந்தக் குறியீடு பிடிபடாது என்றும் எச்சரிக்கிறார். 1783 ஐரோப்பாவில் இது அபூர்வம்.

ஆனால் அவருடைய பிள்ளைகளே கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டார்களே?

வளர்ந்து ஆளான ஆறு பேரில் நாலு பேர். இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் அவருடைய பேரன். 1816ல் சிறுவனாக ஞானஸ்நானம் பெற்றவர். 'பார்த்தீர்களா, அறிவு வழியில் போனால் இதுதான் முடிவு' என்று பழமைவாதிகள் இன்றும் சுட்டிக்காட்டுவார்கள்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வேலைக்கும் குடியுரிமைக்கும் நுழைவுச்சீட்டாக ஞானஸ்நானத்தைக் கேட்டது அரசும் சமூகமும். சட்டத்தைக் கைவிட்டால்தான் குடியுரிமை என்றால் அப்படிப்பட்ட குடியுரிமை வேண்டாம் என்று அப்பா நூலின் முடிவிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. உண்மைகள் எல்லாருக்கும் பொது, சட்டம் மட்டும் நமக்கு, அதைக் கட்டாயப்படுத்தவும் ஆளில்லை என்றால், மகன் 'அப்போ நான் எதற்கு?' என்று கேட்கும்போது கையில் என்ன இருக்கிறது? அடுத்த இருநூறு வருஷத்து யூத சிந்தனை அந்த மகனுக்கு எழுதிய பதில் கடிதங்கள் என்றே சொல்லிவிடலாம்.

பெர்லின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட தத்துவவாதி என்று ஒருவர் உண்டாமே?

சாலமோன் மைமோன். லிதுவேனியப் பக்கத்தில் 1753ல் பிறந்தவர். மைமோனிடிஸ் மீதிருந்த பக்தியில் அவர் பெயரையே சூட்டிக்கொண்டார். பரதேசியாக பெர்லின் வந்து, ரோசந்தால் வாசலருகே இருந்த யூத ஏழையர் விடுதியில் காத்திருந்தார். மைமோனிடிஸ் நூலுக்கு உரை எழுதி அச்சிடும் ஆசையை ஒரு ரப்பியிடம் வெகுளியாகக் காட்டினார். விஷயம் பெரியவர்கள் காதுக்குப் போயிற்று; ஊருக்குள் விடவில்லை. வாசலுக்கு வெளியே தரையில் விழுந்து அழுததைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். பிறகு எப்படியோ உள்ளே வந்து காண்ட்டை விமர்சித்து எழுதினார். தன்னை எதிர்ப்பவர்களில் இவ்வளவு நன்றாகத் தன்னைப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை என்று 1789ல் காண்ட்டே கடிதம் எழுதினார்.

சீர்திருத்தம், ஆர்த்தடாக்ஸ் என்ற பிரிவுகள் இதிலிருந்து வந்தவையா?

ஏறக்குறைய. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், ஒழுக்கம்தான் சாரம், சடங்கு காலத்துக்கேற்ப மாறலாம் என்றார் ஆபிரகாம் கைகர். அது சீர்திருத்த வழி. பிரெஸ்பர்க் ரப்பி மோசஸ் சோஃபர், புதியது தோராவால் தடைசெய்யப்பட்டது என்று பழைய தானியச் சட்டம் ஒன்றைச் சிலேடையாக்கிக் கதவைச் சாத்தினார். பிராங்ஃபர்ட்டில் சாம்சன் ரபேல் ஹிர்ஷ், கட்டளையில் ஒரு எழுத்தையும் விடாமல், நவீனக் கல்வியிலும் ஒன்றையும் விடாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். சோஃபர், ஹிர்ஷ் இருவருடையதும் ஆர்த்தடாக்ஸ் வழிகள். மூன்றுமே நவீன கண்டுபிடிப்புகள்தான், சோஃபருடையது உட்பட.

ஹெர்மன் கோஹன் கடவுளை வெறும் கருத்தாக்கிவிட்டார் என்கிறார்களே?

மார்பர்க்கில் காண்ட் தத்துவத்தைப் புதுப்பித்த பேராசிரியர். ரோசன்ஸ்வைக் வழியாக வந்த ஒரு கதை உண்டு. கோஹன் தன் கடவுள் கோட்பாட்டை மார்பர்க்கின் வயதான யூதர் ஒருவருக்கு அழகாக விளக்குகிறார். கேட்டு முடித்த கிழவர், 'எல்லாம் சரி, உலகைப் படைத்தவர் இதில் எங்கே?' என்கிறார். கோஹன் பதில் சொல்லாமல் கண் கலங்கிவிட்டாராம்.

ஆனால் அவரை அதோடு தள்ளிவிடக் கூடாது. 1888ல் மார்பர்க் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பிறனை நேசி என்ற கட்டளை யூதர்களுக்குள் மட்டும்தான் என்று தல்மூத் சொல்கிறது என ஒரு பள்ளி ஆசிரியர் பேசியிருந்தார். நிபுணர் சாட்சியாகக் கோஹனைக் கேட்டார்கள். அவர் அந்நியன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். தோரா அந்நியனை நேசிக்கச் சொல்கிறது, காரணமும் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள். 'பக்கத்தில் இருக்கும் மனிதன்' 'கூட இருக்கும் மனிதன்' ஆவது அந்நியனைக் கண்டபோதுதான் என்று பிற்காலத்தில் இதையே விரித்தார். 'யூத மூலங்களிலிருந்து அறிவின் மதம்' அவர் இறந்த மறுவருஷம், 1919ல் வந்தது. ஜெர்மானியமும் யூதமும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்று முதல் உலகப் போரின்போது எழுதிய மனிதர். அவர் மனைவி மார்த்தா 1942ல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

மதம் மாறக் கிளம்பி, ஜெபாலயத்துக்குப் போய், மனம் மாறியவர் யார்?

ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக். 1913 கோடையில் கிறிஸ்தவராக முடிவு செய்தார். அந்த அக்டோபரில் பாவநிவாரண நாளை பெர்லினில் ஒரு சிறிய ஜெபாலயத்தில் கழித்தார். அங்கே என்ன நடந்தது என்று அவர் எழுதவில்லை. ஆனால் சில வாரத்தில் உறவினர் ஒருவருக்குக் கடிதம்: மாறத் தேவையில்லை, யூதனாகவே இருக்கிறேன். 1918ல் பால்கன் போர்முனையிலிருந்து அஞ்சலட்டைகளில் வீட்டுக்கு எழுதியனுப்பித் தொடங்கியதுதான் 1921ல் வந்த 'மீட்பின் நட்சத்திரம்'. மரண பயத்தில் தொடங்குகிறது அந்த நூல். தத்துவம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்த்து 'சாவு ஒன்றுமில்லை' என்கிறது, குழிக்குள் பதுங்கியிருப்பவனுக்கு அது பொய் என்று தெரியும் என்பது அவர் கட்சி.

கட்டளை விஷயத்தில் அவர் செய்த பிரிப்பு முக்கியமானது. சட்டம் என்பது ஏட்டில் கிடப்பது, யாருக்கும் பொது. கட்டளை என்பது இப்போது, என்னிடம் சொல்லப்படுவது. சட்டத்தை மறுபடி கட்டளையாகக் கேட்க முடிகிற அளவுக்குச் செய், முடியாததை இன்னும் முடியவில்லை என்று வை. தெபிலின் (ஜெபத்தின்போது கட்டிக்கொள்ளும், வேத வசனங்கள் வைத்த தோல் பெட்டிகள்) கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு 'இன்னும் இல்லை' என்றாராம். நண்பர் மார்ட்டின் பூபர் இதை ஏற்கவில்லை: கடவுள் பேசுவார், சட்டம் இயற்ற மாட்டார். இருவரும் இந்த வேறுபாட்டோடே சேர்ந்து பைபிளை ஜெர்மனில் பெயர்த்தார்கள். 1922லிருந்து ரோசன்ஸ்வைக்கின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. பேச்சும் போன பிறகு, அவர் காட்டும் சைகையிலிருந்து மனைவி எடித் எழுத்து எழுத்தாக ஊகித்து எழுதினார். 1929ல் இறக்கும்வரை அப்படித்தான் வேலை நடந்தது.

பழமைவாதி ஒருவர் நவீன தத்துவவாதியாக இருக்க முடியுமா?

சொலவெய்ச்சிக் இருந்தார். லிதுவேனிய தல்மூத் குடும்பம், பெர்லினில் கோஹனைப் பற்றி முனைவர் பட்டம், பிறகு பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தலைமுறை தலைமுறையாக ரப்பிகளை உருவாக்கியவர். 1944ல் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி: சட்ட அறிஞன் ஒரு நீரூற்றைப் பார்க்கிறான். கவிஞன் போல மயங்கவில்லை. இந்தத் தண்ணீர் எந்தத் தீட்டைக் கழிக்கும், எதற்கு ஆகும் என்ற சட்டப் பிரிவுகள் அவன் மனதில் முன்பே தயாராக இருக்கின்றன. ஊற்று அவற்றில் வந்து பொருந்துகிறது. கணிதக்காரன் இயற்கையைப் பார்ப்பது போல என்கிறார். வறட்சி என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இசை தெரிந்தவர் ரயில் சத்தத்தில் தாளம் கேட்பது போலத்தான் இதுவும்.

எதற்கும் காரணமே தேடாதே என்ற லைபோவிட்ஸை எப்படிப் புரிந்துகொள்வது?

யெஷயாஹு லைபோவிட்ஸ், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். கட்டளைகளை விடாமல் கடைப்பிடித்தவர். மைமோனிடிஸை உயிராக மதித்துக்கொண்டே அவருக்கு நேரெதிர் முடிவுக்கு வந்தார்: கட்டளையால் உடம்புக்கு நல்லது, சமூகத்துக்கு நல்லது, மனசுக்கு அமைதி என்றெல்லாம் சொன்னால் நீ உனக்குத்தான் சேவை செய்கிறாய், கடவுளுக்கு இல்லை. மதம் உலகைப் பற்றி எந்தத் தகவலும் தருவதில்லை, அதனால் அறிவியலோடு மோத அதற்கு ஒன்றுமே இல்லை.

இந்தக் கறார் அரசியலிலும் வந்தது. மண்ணோ கல்லோ அரசோ புனிதம் என்றால் அது விக்கிரக ஆராதனை. 1967 போருக்குப் பின் மேற்குச் சுவரைச் சுற்றி எழுந்த பரவசத்தைப் பார்த்து அதை 'டிஸ்கோத்தெல்' என்றார். சுவருக்கு எபிரேயத்தில் கோத்தெல். பிடித்த பகுதிகளை விட்டு வெளியேறச் சொல்லிக் கடைசிவரை கத்தினார். 1993ல் இஸ்ரேல் பரிசு அறிவித்தபோது பெரும் கூச்சல் எழ, வேண்டாம் என்றுவிட்டார். வாதத்தில் அவரை மடக்குவது கஷ்டம். ஆனால் துக்க வீட்டுக்குப் போகும்போது கூட்டிப் போகக் கூடிய ஆள் இல்லை.

உலகுக்கு ஆறாயிரம் வயதுகூட ஆகவில்லை என்று யூதர்கள் நம்புகிறார்களா?

2025 செப்டம்பரில் எபிரேய ஆண்டு 5786 பிறந்தது. அதை அப்படியே உலகின் வயதாக எடுப்பவர்கள் உண்டு. எடுக்காதவர்களும் நிறைய. உலகம் தொடக்கமற்றது என்று அரிஸ்டாட்டில் உண்மையிலேயே நிரூபித்திருந்தால் ஆதியாகமத்தை அதற்கேற்ப விளக்கியிருப்பேன், விளக்கத்தின் வாசல் சாத்தப்படவில்லை என்று மைமோனிடிஸ் எழுதினார். 1842ல் ரப்பி இஸ்ரேல் லிப்ஷிட்ஸ், பூமிக்குள் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை உற்சாகத்தோடு வரவேற்றார். முந்தைய உலகங்கள் பற்றிய பழைய மரபுக்கு ஆதாரம் என்றார். பரிணாமம் கபாலா என்ற யூத மறைஞான மரபோடு ஒத்துப்போகிறது என்றார் ரப்பி கூக். ஆனால் 2005 வாக்கில் நதன் ஸ்லிஃப்கின் என்ற ரப்பி இதே வழியில் எழுதிய நூல்களைத் தீவிர ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் தடைசெய்தார்கள். லிப்ஷிட்ஸுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

பெரும் இன அழிப்புக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் வராது, வந்தால் சந்தேகப்படுவேன். தத்துவவாதி எமில் ஃபாக்கன்ஹைம், ஹிட்லருக்கு மரணத்துக்குப் பிந்தைய வெற்றியைத் தராதே என்பதை 614ஆவது கட்டளை என்றார். இங்கேயும் பதில் கட்டளை வடிவத்தில் வருவதைப் பாருங்கள். அவுஷ்விட்ஸுக்குப் பின் நம்பிக்கை இழந்தவர் கடவுளின் உதவியைத்தான் நம்பியிருந்தார், கடவுளை நம்பவில்லை என்றார் லைபோவிட்ஸ், வழக்கமான கத்தியோடு.

தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1984ல் ஜெர்மனியில் ஆற்றிய உரை வேறு மாதிரி. அவர் தாய் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கடவுள் நல்லவர், கடவுளைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ள முடியும், கடவுள் சர்வ வல்லவர் என்ற மூன்றையும் சேர்த்து இனி சொல்ல முடியாது, மூன்றாவதை விட்டுவிடுகிறேன் என்றார். படைத்தபோதே தன் வல்லமையைக் கைவிட்டவர் கடவுள், தலையிடாததற்குக் காரணம் விருப்பமின்மை இல்லை, இயலாமை. இதை நிரூபணம் என்று அவர் சொல்லவில்லை. தடுமாறிச் சொல்லும் பேச்சு என்றே வைத்தார்.

இதில் பெண்கள் எங்கே?

நியாயமான கேள்வி, தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வி. 1990ல் பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ சுட்டிய இடம் இது. யாத்திராகமம் 19ல், சீனாய்க்குத் தயாராகும் 'ஜனங்களை' நோக்கி மோசே சொல்கிறார்: பெண்களிடம் சேராதிருங்கள். அப்படியென்றால் அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்? உடன்படிக்கை நடந்த கணத்திலேயே பாதிப் பேர் வாக்கியத்துக்கு வெளியே. 'செய்வோம், கேட்போம்' என்றது யார் என்பதும் அப்போது திறந்த கேள்வியாகிவிடுகிறது.

படிக்க விரும்பினால் எங்கே தொடங்கலாம்?

ரோசன்ஸ்வைக்கில் தொடங்காதீர்கள், நாற்பது பக்கத்தில் மூடிவிடுவீர்கள். சாலமோன் மைமோனின் வாழ்க்கைக் கதை சிரிக்கவும் வைக்கும், அது நல்ல வாசல். அப்புறம் 'ஜெருசலேம்', குறிப்பாக இரண்டாம் பகுதி. அப்புறம் லைபோவிட்ஸின் கட்டுரைகள். கோபம் வந்தால் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தனியாகப் படிக்க வேண்டாம். தல்மூதை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதுதான் வழக்கம். அந்த ஜோடிக்கு ஹவ்ரூதா என்று பெயர். ரப்பி யோஹனான் தன் ஜோடி ரேஷ் லாகிஷை இழந்தபோது, ஆறுதலுக்கு வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், அதற்கு ஆதரவாக இன்னொரு மேற்கோள் இருக்கிறது என்றார் வந்தவர். யோஹனானுக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, ரேஷ் லாகிஷ் இருபத்துநாலு ஆட்சேபம் எழுப்புவார், நான் இருபத்துநாலு பதில் சொல்வேன், சட்டம் தானாகத் தெளியும் என்று சொல்லிவிட்டு, உடையைக் கிழித்துக்கொண்டு அவர் பெயரைக் கூப்பிட்டபடி அழுதுகொண்டு திரிந்தார். அதுவும் பாவா மெட்சியாவில்தான், 84ஆம் ஏடு. அடுப்புக் கதையிலிருந்து இருபத்தைந்து ஏடு தள்ளி.